இடப்புறத்துக் குவியல்

"நம்ப மாட்டேன் என்கிறீரே, வளையல்காரரே! நடுச்சாமத்தில் மதகைத் திறந்து கீழைச்சேரி நிலக்கிழார்களுக்கு நம் ஏரித் தண்ணீரை விற்கிறாராம் ஏரிக்காவலர் காரி நம்பி. மதகடியில் விளக்குப் பிடித்து நின்றவனுக்கு இடக்கையில் ஆறு விரலாம்!"

"யார் பார்த்தார்கள், அம்மா?"

"யாரா? ஊரே சொல்கிறது. ஆறு விரல் என்று எண்ணிச் சொல்கிறார்கள், அதுகூடவா பொய்யாக இருக்கும்?"

சொல்லிவிட்டு அந்த எண்ணெய்க்காரப் பெண்மணி, தன் கைப்பிடி மண்ணை இடப்புறத்துக் குவியலில் போட்டுக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு கரையிலிருந்து இறங்கிப் போனாள். வளையல்காரனாக வந்திருந்த எழினி கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டான். மேற்கே செவ்வானம் மெல்ல மங்கிக்கொண்டிருந்தது. வற்றிய ஏரியின் நடுவில் எஞ்சியிருந்த நீரில் நாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. ஆற்றுக்கு அப்பால், மழவூர் அதிபருடைய பாசறையில் பந்தங்கள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டன. அந்தச் சேனை போருக்கு வந்ததல்ல. ஊரார் தாங்களாகவே வந்து அழைக்கட்டும் என்று காத்திருந்தது.

அன்பர்களே, நீலவேலியில் அரசர் கிடையாது; சபைதான் உண்டு. பதவியில் இருப்பவர்மீது ஐயம் எழுந்தால், வீட்டுக்கு ஒருவர் தம் வயல் மண்ணை ஒரு பிடி அள்ளி வந்து ஏரிக்கரையில் இட வேண்டும். நம்புகிறவர் வலப்புறம், நம்பாதவர் இடப்புறம். நிலா எழும்போது எந்தக் குவியல் உயரமோ, அதுவே ஊரின் தீர்ப்பு. தன் வயலில் தனியாக நின்று யோசித்தபிறகே மண்ணை எடுக்க வேண்டும் என்பது முன்னோர் வகுத்த ஒழுங்கு. ஆனால் நடப்பது வேறு. கரை ஏறுகிறவர்கள் முதலில் குவியல்களைப் பார்ப்பார்கள், பிறகு பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைப் பார்ப்பார்கள், அதன் பிறகே கையை விரிப்பார்கள்.

இதை மழவூர் அதிபர் நன்கு அறிவார். "காலையில் விழும் சில பிடி மண் போதும், எழினி. மற்றதை அவர்களே போட்டுக்கொள்வார்கள். நம்பி வீழ்ந்தால் ஏரிக்குக் காவல் வேண்டும் என்று நம்மிடம்தான் வருவார்கள்" என்று சொல்லித்தான் சங்கு வளையல் கூடையோடு தன் ஒற்றனை இங்கே அனுப்பியிருந்தார்.

எழினி பொய் என்று எதையும் சொன்னதில்லை. வளையல் போடும் ஒவ்வொரு முற்றத்திலும், மணிக்கட்டைப் பிடித்தபடி ஒரே ஒரு கேள்வியைக் கேட்டான். "ஏரி இத்தனை சீக்கிரம் வற்றுகிறதே தாயே, மதகு சரியாகத்தான் மூடியிருக்கிறதா?" நீரைக் குடித்தது கோடை வெயில் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி தெருவைச் சுற்றி வருவதற்குள் அதற்கு விளக்கு முளைத்தது, விலை முளைத்தது, ஆறாவது விரலும் முளைத்தது.

கடைசியாக அவன் வளையல் போட்ட வீடு காரி நம்பியுடையது. நம்பியின் மகள் ஆதித்தி கையை நீட்டியபடி, "அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. தினமும் மதகுப் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவார்" என்று சிரித்தாள். அன்று எழினி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மறுநாளும் அந்த வீட்டுக்குப் போனான், வளையல் உடைந்ததா என்று கேட்க. உடையவில்லை. இருந்தாலும் அவள் வேறொன்று வாங்கிக்கொண்டாள்.

இன்று காலை நம்பி தம் பக்கத்து நியாயத்தைச் சொல்லக் கரை ஏறினார். கூட்டத்திலிருந்து வந்த ஒரு கல் அவர் நெற்றியைப் பிளந்தது. எறிந்தவர் யாரென்று எவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் பக்கத்திலிருந்தவரைக் காட்டினார்கள். மதகு மண்டபத்தில் கிடத்தப்பட்டிருந்தவரைப் பார்த்த மருத்துவர் தலையசைத்துவிட்டு வெளியே வந்தார்.

இன்னும் மண் இடாதவர்கள் பலர் இருந்தார்கள். எழினி கூடையைக் கீழே எறிந்துவிட்டு இரண்டு குவியல்களுக்கும் நடுவில் போய் நின்றான்.

"நீலவேலிப் பெருமக்களே, கேளுங்கள்! நான் வளையல் வணிகன் அல்ல. மழவூர் அதிபரின் ஒற்றன். மதகைப் பற்றிய பேச்சைத் தொடங்கியவனே நான்தான். நம்பி குற்றமற்றவர். இதோ, அதிபரின் முத்திரை மோதிரம்!"

முன்வரிசையில் இருந்தவர்கள் மோதிரத்தை எட்டிப் பார்த்தார்கள். பிறகு யாரோ சிரித்தார்கள்.

"அடேயப்பா, மோதிரம்கூட அடித்து வைத்திருக்கிறார் நம்பி!"

"பாவம், பெண்ணைக் காட்டி மயக்கிவிட்டார்கள். தினமும் அந்த வீட்டுக்கே போவான், பார்த்தோமே."

"ஒற்றன் எவனாவது தன்னை ஒற்றன் என்று சொல்வானா, ஐயா?"

"மதகடியில் விளக்குப் பிடித்தவன் இவனாகத்தான் இருப்பான். காட்டடா கையை!"

எழினி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

"ஐந்துதான் இருக்கிறது..."

"ஆறாவதை வெட்டிக்கொண்டான்! எப்பேர்ப்பட்ட பாதகன்!"

வலப்புறக் குவியலுக்கு மேலே கையை நீட்டியபடி வெகுநேரமாகத் தயங்கிக்கொண்டிருந்த குயவர் ஒருவர், கூட்டத்தின் முகங்களைச் சுற்றிப் பார்த்தார். மெல்ல நகர்ந்து இடப்புறம் போய்க் கையை விரித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். எழினியை எவரும் அடிக்கவில்லை, கட்டவுமில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு, வழியில் கிடக்கும் கல்லைச் சுற்றிப் போவதைப் போலப் போனார்கள்.

நிலா எழுந்தது. அந்த வெண்ணொளியில் இடப்புறக் குவியல் ஒரு சிறு குன்றைப்போல் நின்றது. வலப்புறத்தில் இருந்ததைக் காற்றே கொண்டுபோய்விடும் போலிருந்தது. அதிபரை அழைக்கச் சபையார் படகுத்துறைக்கு விரைந்தார்கள். வாழ்த்தொலி ஆற்றைத் தாண்டிப் போயிற்று.

மதகு மண்டபத்தின் வாசலில் ஆதித்தி நின்றிருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும், தான் சொன்ன அத்தனையும் அவள் காதில் விழுந்துவிட்டது என்பதை எழினி அறிந்தான். இந்த ஊரில் அவன் சொன்ன உண்மையை நம்பியவள் அவள் ஒருத்திதான்.

"தேவி..."

"அப்படி அழைக்காதீர்கள்."

உள்ளேயிருந்து மெலிந்த குரல் கேட்டது. "ஆரவாரம் கேட்கிறதே, அம்மா. எந்தக் குவியல் உயரம்?"

ஆதித்தி திரும்பவில்லை. கையிலிருந்த சங்கு வளைகளைக் கழற்றி எழினியின் காலடியில் வைத்தாள்.

"விடியும்வரை அவர் இருக்கமாட்டார். நான் சொன்னால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார். எனக்குப் பொய் சொல்ல வராது. உங்கள் பொய்யை ஊரே நம்பியது. உள்ளே போங்கள். வலப்புறக் குவியல் உயரம் என்று என் தந்தையிடம் சொல்லுங்கள்."

"யாரம்மா வாசலில்?" என்றது உள்ளிருந்த குரல். "யாராயிருந்தாலும் வந்து சொல்லுங்கள் ஐயா. எந்தக் குவியல்?"