காலி மனைக்கு ஒரு கருத்துக் கணிப்பு

நெட்டை பேசி முடித்ததும் வகுப்பே கைதட்டியது. பொடிசு மட்டும் கைகளைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

தெருக்கோடியில் ஒரு காலி மனை கிடந்தது. அங்கே என்ன வரலாம் என்று மக்களிடம் கருத்துக் கணிப்பு எடுத்துவரச் சொல்லியிருந்தார் டீச்சர். பொடிசு பன்னிரண்டு பேரிடம் கேட்டாள். நெட்டை நூறு பேரிடம் கேட்டுவிட்டாள்!

"எல்லாரும் வண்டி நிறுத்தத்தான் இடம் கேக்குறாங்க டீச்சர்."

"அப்போ நகராட்சிக் கூட்டத்துல நீயே படிச்சிடும்மா."

பொடிசுக்கு வயிறு எரிந்தது. ஓட்டத்தில் நெட்டை, ஓவியத்தில் நெட்டை, இப்போது இதிலுமா? நூறு பேராம். புளுகாகத்தான் இருக்கும்!

மாலையில் நெட்டையின் அப்பாவுடைய மெக்கானிக் கடைக்குப் போய், பழைய டயர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நெட்டை இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, காலி மனையில என்ன வரணும்?"

"வண்டி நிறுத்த இடம்தான் பாப்பா!" என்றார், பிரேக் சரிபார்க்க வந்தவர். டயர் மாற்ற வந்தவரும் அதையேதான் சொன்னார்.

பொடிசுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. நெட்டை மாட்டிக்கொண்டாள்! கேட்டது முழுக்க வண்டிக்காரர்களிடம்! நாளைக்கு வகுப்பில் எல்லார் முன்னாலும் இதைப் போட்டு உடைத்தால் நெட்டையின் முகம் எப்படிப் போகும்?

அதை நினைத்துச் சிரித்தபடியே நடந்தாள். பாதி வழியில் சிரிப்பு நின்றது. அவள் மட்டும் யாரிடம் கேட்டாள்? அதே மனையில் தன்னோடு பந்து விளையாடுகிறவர்களிடம். பன்னிரண்டு பேரும் மைதானம்தான் வேண்டும் என்றார்கள். பின்னே, வேறென்ன சொல்வார்கள்?

பிறகு கடைக்கே திரும்பிப் போனாள்.

"உன் கணிப்பு தப்பு. நீ கேட்டவங்க எல்லாரும் வண்டி வச்சிருக்கவங்க."

நெட்டை முறைத்தாள். "உனக்குப் பொறாமை!"

"ஆமா, பொறாமைதான். அதுக்காக நான் சொல்றது பொய்யாகிடுமா? என்னோடதும் தப்புதான். என் பந்து கோஷ்டிகிட்ட மட்டும் கேட்டேன்."

நெட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ யாருகிட்டத்தான் கேக்கிறது?"

இருவரும் தெரு முழுக்க அலைந்தார்கள். பேருந்துக்குக் காத்திருந்தவர்களிடம் கேட்டார்கள். ஊன்றுகோலோடு மெல்ல நடந்துவந்த தாத்தாவிடம் கேட்டார்கள். தையல்கடை அக்கா மிஷினையே நிறுத்திவிட்டார்.

"என்னையா கேக்குறீங்க? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே! நிழலும், உக்கார நாலு பெஞ்சும் போதும்மா. பஸ்ஸுக்கு நின்னு நின்னு காலு வலிக்குது."

வண்டி இல்லாத பலரும் அதையே சொன்னார்கள். நெட்டையும் பொடிசும் பழைய கணிப்புகளைத் தள்ளிவிட்டு, புதிய பதில்களை எல்லாம் சேர்த்து எழுதினார்கள். நிழலும் பெஞ்சும்தான் முதலில் வந்தன. மைதானம் அடுத்தது. வண்டிகளுக்கு ஓர் ஓரம் போதும்.

டீச்சர் இருவரையும் கூட்டத்துக்கு அனுப்பினார். பாதியை நெட்டை கணீரென்று படித்தாள். மீதியைப் படிக்கப் பொடிசு மேடையேறினாள். மைக் அவள் தலைக்கு மேலே இருந்தது.

அதைத் தாழ்த்த நகராட்சிக்காரர்கள் ஆள் தேடி அலைந்தார்கள். அதுவரை கூட்டம் மொத்தமும் பொடிசையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு அவசரமே இல்லை.