முதல் பாலின் தடம்

"வாயை இன்னும் கொஞ்சம் திறங்க" என்றார் அதிகாரி. வாழ்தடமானியின் மெல்லிய முனை ஜெபநேசனின் கடைவாய்ப்பல்லைத் தொட்டுவிட்டு விலகியது. எதிரே செலஸ்தீனும் அவள் மகள் ரெஜினாவும் சோதனையை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடல்பரப்புக்கும் பட்டா கொடுக்கும் காலம் வந்துவிட்டது. ஜெபநேசனின் அப்பா இன்னாசிக்குத் தூத்துக்குடிக் கரைக்கு அப்பால் ஒரு பாசித் தோட்டம் இருந்தது. உயிரோடு இருந்தபோதே அதை ரெஜினாவின் பெயருக்குத் தானமாக எழுதிக்கொடுத்திருந்தார். அவர் இறந்ததும் ஜெபநேசன் சென்னையிலிருந்து வந்து மனுப் போட்டான். செலஸ்தீனை அப்பா மணந்ததாக எந்தப் பதிவும் இல்லை, தாயும் மகளும் கடைசிக் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவர்கள், தானம் செல்லாது. சென்னையில் தன்னை வளர்த்த அத்தை சொல்லியிருந்ததைத்தான் அவன் எழுதியிருந்தான்.

ஆனால் சட்டம் இப்போது பதிவையும் கேட்பதில்லை, ரத்தத்தையும் கேட்பதில்லை. ஒரே வீட்டுத் தண்ணீரும் ஒரே உலைச் சோறும் பல்லிலும் எலும்பிலும் அடுக்கடுக்காகப் படிகின்றன. யார் யாரோடு வாழ்ந்தார்கள் என்பதை மானி அதில் வாசித்துவிடும். அப்படிச் சேர்ந்து வாழ்ந்தவர்தான் குடும்பத்தவர். அவர் மட்டுமே தானம் பெறலாம். அவர் மட்டுமே அதை எதிர்த்து மனுப் போடலாம். இன்னாசியின் தடம் அவர் தானம் எழுதிய அன்றே பதிவாகியிருந்தது.

அதிகாரி திரையைப் பார்த்தார். "ரெஜினாவுக்குப் பிறந்ததுல இருந்து அப்பாவோட தடம் விடாம இருக்கு. தானம் செல்லும்."

ஜெபநேசன் தலையைக் குனிந்துகொண்டான். "சரி சார். நான் கிளம்புறேன்."

"உட்காருங்க. உங்களுது இன்னும் இருக்கு." அவர் குரல் தணிந்தது. "அப்பாவோட உங்க தடம் சின்ன வயசுல மட்டும்தான் இருக்கு. அந்த வருஷங்கள்ல உங்க பல்லுல தாய்ப்பால் படிஞ்சிருக்கு. அது இவங்களோடது."

அவர் கை காட்டியது செலஸ்தீனை.

"என் அம்மா நான் பிறந்தப்பவே இறந்துட்டாங்க சார். அன்னைக்கே அத்தை என்னைத் தூக்கிட்டுப் போயிட்டதாத்தான் சொன்னாங்க."

"பல்லு பொய் சொல்லாது. இவங்க கடைசிக் காலத்துலதான் அந்த வீட்டுக்கு வந்தாங்கன்னு மனுவுல எழுதியிருக்கீங்க. அது உண்மைன்னா, நீங்களும் அந்த வீட்டுப் பிள்ளை இல்லைன்னு ஆயிரும்."

ரெஜினா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் இது புதிது. "யம்மா, எங்கிட்டகூட நீ சொல்லலியே."

செலஸ்தீன் சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி ஜெபநேசனிடம் பேசினாள். "கடலுக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பல. பிறந்த பிள்ளையும் தங்கல. அந்த நேரத்துல உங்கப்பா உன்னைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னாரு. ஒண்ணும் கேக்கல, அழுதாரு. நான் வாங்கிக்கிட்டு உங்க வீட்டுக்கே வந்துட்டேன். நீ ஓடியாடுற வயசுல உங்கத்தை வந்து, படிக்க வைக்கணும்னு கூட்டிட்டுப் போச்சு. என்னைக் கல்யாணம் பண்ணினா பிள்ளையைக் கண்ணுலயே காட்ட மாட்டேன்னு உங்கப்பாகிட்ட சொல்லிருச்சு. நீ திரும்பி வருவேன்னு நெனச்சு நாங்க பதிவு பண்ணாமலே இருந்துட்டோம்."

எந்தக் குறையைச் சொல்லி அவளை வெளியே தள்ள வந்தானோ, அந்தக் குறையை அவள் அவனுக்காகத்தான் இத்தனை காலமும் சுமந்திருக்கிறாள் என்பது ஜெபநேசனுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

"அப்பா சாவுக்கு வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பியா? பால் குடுக்கிறவ சாட்சி வச்சா குடுப்பா?"

அவன் எழுந்து அவள் முன்னால் போய் நின்றான். கைகள் தாமாகக் குவிந்தன. "இந்த உடம்பு நீங்க குடுத்தது. தெரியாமலே இருந்துட்டேன்."

"அப்படிச் சொல்லாத. அன்னைக்கு நீ மடிக்கு வரலேன்னா நானும் கடலோட போயிருப்பேன். நாந்தான் உனக்கு நன்றி சொல்லணும்."

ரெஜினா நகர்ந்து உட்கார்ந்து நடுவில் இடம் விட்டாள். "உட்காருங்கண்ணே."

அவன் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன் சார்."

அதிகாரி சிரித்தார். "நீங்க மட்டும் நினைச்சா இனி முடியாது. இந்த நிமிஷத்துல இருந்து சட்டப்படி இவங்க உங்க தாய். தாய்க்கு எதிரா பிள்ளை போட்ட மனுவை எடுக்கணும்னா தாயோட கைரேகை வேணும். அது வரைக்கும் நீங்க ஊரை விட்டுப் போகவும் முடியாது." ரேகைப் பலகையைச் செலஸ்தீன் பக்கம் தள்ளினார்.

அவள் விரலை நீட்டினாள். பாதியிலேயே நிறுத்திக்கொண்டு மகனைப் பார்த்தாள்.

"இதை வச்சதும் சென்னைக்குப் போயிருவியா?"

"நீங்க வைக்கிற வரைக்கும் போக முடியாதாமே."

செலஸ்தீன் விரலை மடக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப நாளைக்கு வச்சுக்கலாம் சார். வாங்க பிள்ளைங்களா, வீட்டுக்குப் போவோம்."