ஒன்பதாம் பெட்டி முதல் பன்னிரண்டாம் பெட்டி வரை

"என் வீட்டுக்காரர் பொய் சொல்றார் சார். அதை நீங்கதான் நிரூபிக்கணும்."

இப்படிச் சொல்லிக்கொண்டே அந்தப் பெண் உள்ளே வந்தபோது தராசு தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தராசு என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். எடையளவுத் துறையில் முப்பது வருடம் கடை கடையாக ஏறி இறங்கி எடைக்கற்களைச் சோதித்தவர். ஓய்வு பெற்ற பிறகு மனிதர்களின் பேச்சை நிறுத்துப் பார்க்கிறார். அதில் அவருக்குத் துணை மனைவியின் தம்பி. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியான அந்த மைத்துனர், வழக்கு என்று காதில் விழுந்தால் போதும், மருந்துப் பையை மூலையில் கடாசிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

"உட்காருங்கம்மா. முதல்ல உண்மையைச் சொல்லுங்க, அப்புறம் பொய்யைப் பார்ப்போம்" என்றார் தராசு.

மேசை மின்விசிறிக்கு முன்னால் அவள் உட்கார்ந்தாள். அவளும் கணவரும் ஒரு சின்ன பீர் ஆலை நடத்துகிறார்கள். முன்னால் உட்கார்ந்து குடிக்கும் கூடம், பின்னால் காய்ச்சும் இடம். காய்ச்சுவது கணவர், பாட்டிலில் அடைப்பது கொழுந்தன், கழுவுவதும் கூடத்தைப் பார்ப்பதும் அவள். போன சனிக்கிழமை காலையில் அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். அது கையிலேயே வெடித்தது. இடது கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

"பீர் நொதிச்சு அடங்குறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு அடைக்கச் சொல்லிட்டேன், தெரிஞ்சேதான் செஞ்சேன்னு சொல்றார் சார். நாளைக்குக் காலையில அதிகாரிகிட்ட அப்படியே எழுதிக் கொடுக்கப் போறார். கொடுத்தா உரிமம் போகும், ஜெயிலும் உண்டுன்னு வக்கீல் சொல்றார். கொழுந்தன் அண்ணன் முகத்துல முழிக்கவே மாட்டேங்கிறார்."

"அது பொய்னு எப்படிச் சொல்றீங்க?"

"நொதிக்கிறது அடங்கிச்சான்னு பார்க்கிற மானி ரெண்டு நாள் ஒரே அளவுல நிக்காம அவர் ஒரு பாட்டிலைக்கூட மூட விட மாட்டார். எங்க கல்யாணத்தன்னைக்கே நடுவுல எழுந்து தொட்டியைப் பார்க்க ஓடினவர். அவசரம்ங்கிறது அவர் ரத்தத்துலயே இல்ல."

"அடைச்ச அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

"நானா? கழுவினேன். ஆலையில பாதி வேலை கழுவுறதுதான் சார். துளி அழுக்கு தங்கினாலும் மொத்தத் தொட்டியும் புளிச்சுடும்."

பேசிக்கொண்டே அவள் நகம் மின்விசிறியின் அடியில் ஒட்டியிருந்த பழைய விலைச்சீட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தது. சீட்டு உரிந்து வந்ததும் அதைச் சின்ன உருண்டையாக உருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். பேச்சு ஒரு நொடிகூட நிற்கவில்லை. அடுத்தவர் மின்விசிறியில் இவளுக்கு என்ன வேலை என்று மைத்துனர் மனதுக்குள் நொந்துகொண்டார்.

ஆலை முன்பு டயர் கிடங்காக இருந்த கட்டடம். உள்ளே வேகவைத்த தானியத்தின் வாசனை. ஈரத் தரை, சுருட்டிய ரப்பர் குழாய்கள், சுவரோரம் வரிசையாக ரப்பர் பூட்ஸுகள். காய்ச்சுபவர் ஆள் மலைபோல் இருந்தார், குரல்தான் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நான்தான் செஞ்சேன். இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"பதிவேட்டுல ரெண்டு நாளும் ஒரே அளவுன்னு எழுதியிருக்கே?"

"பொய்யா எழுதினேன்."

தராசு அதோடு விட்டுவிட்டார். மூன்று வாரத்துக்கு முன்பு அடைத்த அந்தச் சரக்கு இருபது பெட்டிகள். அடைத்த வரிசைப்படி ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் எண் எழுதியிருந்தது. பெட்டிக்கு ஒரு பாட்டில் திறந்து பார்க்க வேண்டும் என்றார். வெடிக்கும் சரக்கை யார் திறப்பது? மைத்துனர் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தடித்த கையுறையோடு, ஒவ்வொரு பாட்டிலையும் சாக்கில் சுற்றிப் பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்க்குள் வைத்துத் திறந்தார். நிலவுக்குக் கிளம்பும் ஆள் மாதிரி இருந்தது கோலம். யாரும் சிரிக்கவில்லை.

முதல் எட்டுப் பெட்டிகளின் பாட்டில்கள் சின்னப் பெருமூச்சோடு திறந்தன. ஒன்பதாவதின் நுரை சாக்கை மீறிச் சீறிக் கூரையைத் தொட்டது. பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் அப்படியே. பதின்மூன்றாவதைத் திறக்கும்போது மைத்துனர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து இருபதுவரை எல்லாம் சாது.

"ஒரே தொட்டி, ஒரே நாள்" என்றார் தராசு. "அவசரப்பட்டு அடைச்சிருந்தா இருபது பெட்டியும் சீறியிருக்கணும். நாலுதான் சீறுது. உங்க வாக்குமூலம் எடை குறையுதே ஐயா."

வெளியே வந்ததும் ஹெல்மெட்டிலிருந்து நுரையை வழித்துக்கொண்டே மைத்துனர் ஆரம்பித்தார்.

"அத்தான், அடுத்த தெருவுலயும் ஒரு பீர் ஆலை இருக்கு. அவன்தான் புகுந்து அந்த நாலு பெட்டியில என்னமோ கலந்திருக்கான்."

"தொண்ணூத்தாறு பாட்டில் மூடியை நெளியாம கழட்டி, கலந்து, திரும்ப மாட்டிட்டுப் போக அவன் என்ன பேயா மாப்ளே? வா, தம்பியைப் பார்ப்போம்."

கொழுந்தன் மாடி அறையில் துணிகளைப் பெட்டியில் திணித்துக்கொண்டிருந்தார். அண்ணனோடு இனி ஒரே கூரையில் இருக்க முடியாது என்றார். ஆனால் வேலையைப் பற்றிக் கேட்டதும் பேச்சு தானாக வந்தது.

"அடைக்கிறப்போ ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு கரண்டி சர்க்கரை போடுவோம். பீர்ல மிச்சமிருக்கிற ஈஸ்ட் அதைத் தின்னு வாயு விடும், அதுலதான் நுரை வருது. மத்த இடத்துல தொட்டியிலேயே மொத்தமாக் கலப்பாங்க. எங்களுக்குப் பாட்டில் பாட்டிலாப் போட்டாத்தான் திருப்தி."

அந்தக் கரண்டியைக் காட்டினார். நடுவில் கைப்பிடி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு குழி. சிறியது சின்ன பாட்டிலுக்கு, பெரியது பெரிய பாட்டிலுக்கு. தராசு அதைக் கையில் வாங்கி இரண்டு குழியிலும் தண்ணீர் ஊற்றி அளந்தார். பழைய உத்தியோகம் விடுமா? பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. கொள்ளளவோ இரண்டு மடங்குக்கு மேல்.

"மாத்தி எடுத்துட்டா?"

"எடுக்கவே முடியாது சார். அன்னைக்கு எது வேண்டாமோ அந்தக் குழியை டேப் போட்டு மூடிடுவேன். திறந்திருக்கிறதுதான் அன்னைக்கு அளவு. அன்னைக்குச் சின்ன பாட்டில், பெரிய குழியை நானே மூடினேன்."

"நீங்க இடத்தை விட்டு எழுந்தீங்களா?"

"எட்டாவது பெட்டி முடிஞ்சதும் மால்ட் தானியம் கொண்டுவர்ற லாரிக்காரன் வந்து ஹாரன் அடிச்சான். அவசரத்துல கரண்டி கை தவறித் தரையில விழுந்துச்சு. எடுத்து மேசையில வச்சுட்டு, என் மனைவியைக் கூப்பிட்டு, 'திறந்திருக்கிற பக்கத்தால ஒரு கரண்டி, அவ்வளவுதான்'னு கத்திட்டு ஓடினேன். பதிமூணாவது பெட்டிக்குத் திரும்பி வந்தேன்."

"வந்தப்போ டேப் இருந்துச்சா?"

மடித்துக்கொண்டிருந்த சட்டை கையிலேயே நின்றது.

"இல்ல சார். ரெண்டு பக்கமும் திறந்துதான் இருந்துச்சு. எனக்குப் பழகின கை, சின்னதை எடுத்துப் போட்டுக்கிட்டே போயிட்டேன். அதை யோசிக்கவே இல்லையே."

மருத்துவமனையில் ஓரகத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பாதி முகத்தில் கட்டு. தராசு கரண்டி என்று சொன்னதுமே அவள் மிச்சமிருந்த கண்ணிலிருந்து நீர் வழியத் தொடங்கியது.

"நான்தான் சார் பெரிய குழியால போட்டேன். ரெண்டும் திறந்திருந்துச்சு. எதுன்னு கேட்கலாம்னா அவர் லாரிகிட்ட நிக்கிறார். சின்னது குழந்தைக்கு மருந்து குடுக்கிற கரண்டி மாதிரி இருந்துச்சு, அதான் பெரிசை எடுத்தேன். என் கண்ணை நானே குத்திக்கிட்டேன். அவரோட அண்ணன் எனக்காகப் பழியை ஏத்துக்கிறாரேன்னு நெனச்சா இன்னும் தாங்க முடியல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்."

"ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன்மா. நீங்க எடுத்தப்போ கரண்டி காஞ்சிருந்துச்சா, ஈரமா இருந்துச்சா?"

"ஈரம். கிருமிநாசினித் தண்ணி டம்ளர்ல நின்னுச்சு. உதறிட்டுத்தான் போட்டேன்."

வெளி வராந்தாவில் மைத்துனர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாவம் அத்தான். வழக்கு முடிஞ்சுது. ஆனா இதைப் போய் எப்படி வெளிய சொல்றது?"

"முடியல மாப்ளே. தம்பி கரண்டியை மேசையில வச்சுட்டு ஓடினார். இந்தப் பொண்ணு அதை டம்ளர்ல இருந்து எடுத்திருக்கா. நடுவுல அதைக் கழுவின கை யாரோடது?"

மைத்துனருக்கு உறைக்க நான்கு படிகள் இறங்க வேண்டியிருந்தது. ஐந்தாவது படியில் அப்படியே நின்றுவிட்டார்.

பிற்பகல் மூன்று மணிக்குக் குடிக்கும் கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கோடியில், காய்ச்சுபவரின் மனைவி நடுவில். மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது வாக்குமூலம். நல்ல செய்தி வரப்போகிறது என்று நம்பி, அவள் தராசுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வாழ்க்கையில் எத்தனையோ வியாபாரிகளின் கள்ள எடைக்கல்லைக் கூசாமல் பிடுங்கியவர் அந்தத் தண்ணீரைத் தொடாமல் தள்ளி வைத்தார்.

"அம்மா, நீங்க சொன்னது சரி. இவர் அவசரப்படல. நாலு பெட்டியில மட்டும் சர்க்கரை இரட்டிப்பா விழுந்திருக்கு. போட்டது உங்க ஓரகத்தி. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. திறந்த பக்கத்தால போடுன்னு சொல்லியிருக்காங்க, ரெண்டு பக்கமும் திறந்திருந்துச்சு. டேப்பை ஒருத்தர் உரிச்சிருக்கார். கரண்டி தரையில விழுந்ததைப் பார்த்துட்டு, மேசையில இருந்து எடுத்துச் சுத்தமாக் கழுவி, கிருமிநாசினியில நிக்க வச்சிருக்கார். டேப்புக்கு அடியில அழுக்கு தங்கும். அதை உரிக்காம கழுவினா கழுவினதுக்கே அர்த்தமில்லன்னு நினைக்கிற ஆள் அவர்."

"அதுல என்ன சார் தப்பு? டேப்போட யாராவது..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். தன் வலதுகையைப் பார்த்தாள்.

"எனக்கு ஞாபகமே இல்லையே" என்றாள்.

"இருக்காது. இன்னைக்குக் காலையில என் மின்விசிறியில இருந்து விலைச்சீட்டை உரிச்சீங்க. அதுவும் ஞாபகம் இருக்காது. கொழுந்தன் டேப்பாலதான் பேசுறார். நீங்க டேப்பை அழுக்குன்னு பார்க்கிறீங்க. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு இதைப் பத்தி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கிட்டதில்ல. இது இவருக்கு முன்னாடியே தெரியும். இல்லேன்னா அளவு விஷயத்துல உயிரையே விடுற மனுஷன், அளவைப் பொய்யா எழுதினேன்னு சொல்லுவாரா?"

காய்ச்சுபவர் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தார். சின்ன உருண்டையாக உருட்டிய டேப்.

"வடிகால் சல்லடையில கிடந்துச்சு. அதை மாசம் ஒரு தடவை நான்தான் கழட்டுவேன். ரத்தத்தைக் கழுவிவிட்ட அன்னைக்கு எடுத்தேன். இப்படி உருட்டுறது இந்த வீட்டுல ஒரே ஒரு ஆள்தான்." அவர் மனைவியைப் பார்க்கவில்லை. "தெரிஞ்சா நீ அதுக்கப்புறம் ஒரு பாத்திரத்தைக்கூடத் தொட மாட்ட. அதான்..."

தம்பி எழுந்தார். அண்ணியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று மைத்துனருக்குத் தோன்றியது.

"அவளுக்குத் தெரியுமா?" என்று தராசைக் கேட்டாள்.

"தன் கைதான் காரணம்னு நெனச்சுக்கிட்டு இருக்கு அந்தப் பொண்ணு. உங்க வீட்டுக்காரர் அவளைக் காப்பாத்தத்தான் பழியை ஏத்துக்கிறார்னு வேற வேதனைப்படுது."

அவள் கணவரிடம் திரும்பினாள். "என்னைக் காப்பாத்துறேன்னு நெனச்சீங்க. கண்ணும் போய், பழியும் சேர்ந்து, அஞ்சு நாளா அவளை அங்க தனியா விட்டுட்டீங்களே. எப்படிங்க மனசு வந்துச்சு?"

அந்த மலைபோன்ற மனிதர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். அவள் வாக்குமூலத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே வரும்படி அவர் முன்னால் தள்ளினாள்.

"நடந்ததை நடந்தபடி எழுதுங்க. என் பேரையும் சேர்த்து எழுதுங்க. நான் வந்து கையெழுத்துப் போடுறேன்."

மைத்துனர்தான் ஸ்கூட்டரில் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். வழியில் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அக்கா கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

அவள் கட்டிலருகே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை.

"அப்போ நான் தப்பாக் கேட்டுக்கலையாக்கா? அவர் சொன்னதைத்தான் செஞ்சேனா?"

"அவர் சொன்னதைத்தான் நீ செஞ்ச. டேப்பை உரிச்சது நான்."

ஓரகத்தி பெருமூச்சு விட்டாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வெளிய இருங்கக்கா. இப்போ உங்க முகத்தைப் பார்க்க முடியல."

அவள் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்று மைத்துனர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீங்க போங்க. போன்னு அவ சொல்லல, வெளிய இருன்னுதான் சொன்னா" என்றாள் அவள்.