காவ்யா இறங்கிய படிகள்

புடவை கட்டிக்கொண்டு பதினெட்டுப் படி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? காஞ்சனா தானே இறங்கிப் பார்த்திருந்தாள். பன்னிரண்டு நொடி. ஆனால் முதல் டேக் முடிந்து செல்போனைப் பார்த்தபோது இருபது நொடி ஓடியிருந்தது.

தங்கை காவ்யா மெதுவாக நடந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், ரோட்டோரம் கட்டட வேலை பாதியில் நின்றுபோன கல்யாண மண்டபம் அது. ஜவுளிக்கடை ஒன்றுக்கு ரீல் எடுக்க இருவரும் வந்திருந்தார்கள். செல்போனை நெட்டுவாக்கில் பிடித்தால் தலை முதல் கால்வரை புடவை முழுசாக விழும், ஆளுக்குப் பின்னால் படிகள் உயர உயரப் போகும் என்றுதான் காஞ்சனா இந்த மாடிப்படியைத் தேடிப் பிடித்திருந்தாள். மதியம் மூன்று மணி. சிமெண்ட் வாசனையும் புறா எச்சத்தின் நெடியும் கலந்து மூக்கில் ஏற, மேலே கூரை போடாத திறப்பு வழியாக இறங்கிய வெயில் சுவரோரம் நீளமாகச் சரிந்து கிடக்க, ரோட்டில் போகிற லாரிகளின் இரைச்சல் உள்ளே வந்ததும் துணியில் சுற்றிவைத்ததுபோல் அடங்கிப்போனது.

இரண்டாவது டேக் முப்பத்தைந்து நொடி. அதைப் போட்டுப் பார்த்து, கொலுசுச் சத்தத்தை வைத்துப் படிகளை எண்ணினாள். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்று.

காவ்யா போதும் என்றாள். கால் வலிக்கிறதாம். இறங்க இறங்கப் படி வந்துகொண்டே இருக்கிறதாம். வெயில் போவதற்குள் ஒரே ஒரு டேக் என்று காஞ்சனா அதட்டித்தான் அவளை மேலே அனுப்பினாள்.

திரையில் அரக்குப் புடவை அசைந்து வந்தது. அழகாகத்தான் வந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று. காவ்யா நடந்துகொண்டிருந்தாள், ஆனால் கிட்டே வரவில்லை. காஞ்சனா திரையிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்து பார்த்தாள்.

படியில் யாரும் இல்லை.

குனிந்தாள். செல்போனில் காவ்யா இறங்கிக்கொண்டிருந்தாள்.

செல்போன் சாய்ந்து ஃபிரேம் விலகியது. ஓரத்துக்குப் போன காவ்யாவின் தோள் புகைபோல் கலைந்தது. பதறி நேராகப் பிடித்தாள். தோள் திரும்பி வந்தது. அதன்பிறகு அவள் கையை அசைக்கவில்லை.

"அக்கா, இன்னும் எத்தினி படி கீது?"

குரல் மாடிப்படியிலிருந்து வரவில்லை. அவள் கையிலிருந்த செல்போனிலிருந்து வந்தது.

"நின்னுடு காவ்யா. அங்கயே நில்லு."

"நிக்க வரலக்கா. கால் தானா கீழ போவுது."

பேட்டரி ஒன்பது சதவீதம் காட்டியது. காஞ்சனா போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் பாலசுந்தரம் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுக் கடகடவென்று மாடி ஏறினார். அவர் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. திரையில் தெரியவில்லை.

"மேல எவரு லேரும்மா. யாருமே இல்ல."

இறங்கி வந்து அவள் தோளுக்கு மேலாகச் செல்போனை எட்டிப் பார்த்தார். சார்ஜர் வேண்டும் என்று காஞ்சனா சொன்னதும் தன் ஷெட்டை நோக்கி ஓடினார்.

ஏழு சதவீதம். காவ்யாவின் வகிட்டில் வெள்ளையாக ஏதோ. சிமெண்ட் தூசி என்று நினைத்தாள்.

தூசி இல்லை.

ஐந்து. தலை முழுக்க நரைத்திருந்தது. புடவை வெளுத்து, கரை நைந்து தொங்கியது. ஒரு கை சுவரைத் தடவித் தடவி வந்தது. முதுகு வளைந்திருந்தது. அந்த முகத்துக்குள் இருபத்திரண்டு வயசுக் காவ்யாவைத் தேடவேண்டியிருந்தது. கொலுசு மட்டும் விடாமல் ஒலித்தது.

"அக்கா..." உடைந்துபோன கிழட்டுக் குரல். "நைனா உசுரோட கீறாரா?"

அன்று காலையில்தான் அப்பா இருவரையும் பஸ் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். டேக் தொடங்கிப் பதினாலு நிமிஷம்.

"கீறாருடி," என்றாள் காஞ்சனா.

இரண்டு சதவீதத்தில் பாலசுந்தரம் வந்தார். எங்கிருந்தோ ஒயரை இழுத்து, சார்ஜரைச் செருகினார்.

மூன்று. நான்கு. ஏறியது.

கொலுசுச் சத்தம் நின்றது. காவ்யா ஒரு படியில் உட்கார்ந்தாள். சுவரில் தலையைச் சாய்த்தாள். பிறகு அசையவில்லை.

காஞ்சனா கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

பாலசுந்தரம் திரையிலிருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டி, நிறுத்திவிடலாமா என்று மெல்லக் கேட்டார். அவள் செல்போனை நெஞ்சோடு இழுக்கப்போய், ஃபிரேம் விலகும் என்ற பயத்தில் அப்படியே நின்றாள். தோள் மரத்துப்போயிருந்தது. பேட்டரி நாற்பது. ஐம்பது. படியில் சாய்ந்திருந்த புடவை, உள்ளே இருந்த உடல் குறையக் குறைய, மடிப்பு மடிப்பாகத் தாழ்ந்துகொண்டிருந்தது.