அலமாரியின் முதுகு

“பூசணம் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க வேணாம் சார், கண்ணு முன்னாடியே கறுப்பா நிக்குது. யாரால வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க,” என்றாள் தையல்காரி. “ஈரத்துணிய உள்ள காயப் போட்டு நான்தான் சுவரக் கெடுத்தேனாம். வாரக் கடைசிக்குள்ள காலி பண்ணுன்னு ஓனர் நிக்கிறார். பாப்பாவுக்கு ராவெல்லாம் இழுப்பு. எம் புருஷனும் அவர் பக்கம்தான்.”

“மாடி வீட்டுக்காரன் வேலை, அத்தான்!” என்று பூதக்கண்ணாடியோடு எழுந்தான் துப்பறிவாளரின் மச்சான்.

“மாடியே கிடையாதுங்க.”

மச்சான் உட்கார்ந்தான். துப்பறிவாளர் செருப்பை மாட்டினார்.

வீட்டு உரிமையாளர் அந்தப் பகுதித் தூய்மைச் சங்கத்தின் தலைவர். அவர் வாசலில் ‘சிறந்த இல்லம்’ என்ற பித்தளைப் பலகை பளபளத்தது. பக்கத்திலேயே வாடகை வீடு. அதன் வெளிச்சுவரை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு மண் கொட்டி ரோஜா வளர்த்திருந்தார். குழாயால் தண்ணீர் பாய்ச்சியபடியே, மேடையில் நிற்பவர் போல ஆரம்பித்தார்.

“சுத்தம் சுவர்ல இல்ல சார், மனசுல இருக்கு.”

“சுவரையும் ஒரு தடவ பாத்துடலாம்,” என்றார் துப்பறிவாளர்.

உள்ளே ஒரு பெரிய தேக்கு அலமாரி. அதன் இரண்டு பக்கமும் கறுப்பு எட்டிப் பார்த்தது. மற்ற சுவர்கள் வெள்ளையாகவே இருந்தன. பஸ் கண்டக்டரான கணவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

“சன்னலத் திறந்து வைன்னா கேக்கறதில்ல சார்.”

“வெளிச்சம் இல்லாம ஊசில நூல் கோப்பேனா? பகல்ல வீட்ல இருந்து பாத்திருந்தா தெரியும்.”

மச்சான் கொடியில் கிடந்த குழந்தையின் கவுனை முகர்ந்தான். “அத்தான், ஈரம்! மாட்டிக்கிட்டாங்க!”

துப்பறிவாளர் அலமாரியைத் தடவிக்கொண்டிருந்தார். “அருமையான மரம்.”

கூடவே உள்ளே வந்திருந்த தலைவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “எங்கப்பா செஞ்சது. இவங்க குடி வர்றதுக்கு முந்தின நாள் நாலு ஆள் வச்சு நானே நிறுத்தினேன். இனாமாத்தான் குடுத்திருக்கேன். நகர்த்தக் கூடாது, அது ஒண்ணுதான் கண்டிஷன்.”

“நகர்த்தலையே?”

“இவங்களாலயா? ஒரு அங்குலம் முடியாது!”

“அசைக்கவே முடியாது சார்,” என்றார் கண்டக்டர்.

துப்பறிவாளர் சன்னல் வழியாகக் கைதட்டினார். தெருமுனையில் லாரிக்குக் காத்திருந்த சுமை தூக்கும் ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள்.

“வேணாம், தேக்கு கீறிடும்!” தலைவரின் குரலில் மேடை இறங்கிவிட்டது.

அலமாரி நகர்ந்தது. பின்னால் தரையிலிருந்து இடுப்புவரை சுவர் கறுத்து ஊறிக் கிடந்தது. மச்சான் பூதக்கண்ணாடியோடு சுவருக்கு ஓடினான். துப்பறிவாளர் அலமாரியின் முதுகைப் பார்த்தார். அங்கே கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு, சுற்றிலும் துருப்பிடித்த ஆணிகளால் இழுத்து அடிக்கப்பட்டிருந்தது.

“துணி ஈரம்னா எல்லாச் சுவரையும் பிடிச்சிருக்கும். இது கீழேருந்து ஏறியிருக்கு. அந்தப் பக்கம் உங்க ரோஜாப் பாத்தி. தெரியாம செஞ்சிருந்தா வெறும் தப்புன்னு விட்டுடலாம். ஆனா காஞ்ச சுவருக்குப் பக்கத்துல நிறுத்தற அலமாரிக்கு யார் மழைக்கோட்டு மாட்டுவாங்க? இவங்க வர்றதுக்கு முன்னாடியே சுவர் நனையறது உங்களுக்குத் தெரியும். அத மறைக்க அலமாரி, அலமாரியக் காப்பாத்த பிளாஸ்டிக். குழந்தையக் காப்பாத்தத்தான் ஒண்ணுமில்ல.”

“அது... பூச்சி அரிக்காம இருக்க...”

“முதுகுக்கு மட்டுமா? காலுக்கும் பக்கத்துக்கும் பூச்சி லீவா?”

சுமைக்காரர்களில் ஒருவர் இருமலில் சிரிப்பை மறைத்தார்.

“சன்னலத் திறக்கறது குடியிருக்கறவங்க பொறுப்பு. செஞ்சிருக்காங்க. சுவரப் பாத்துக்கறது உங்க பொறுப்பு. இன்னைக்கே பாத்திய எடுங்க, சுவரப் பூசுங்க. காலி பண்ணுங்கற பேச்சு இனி வேணாம்.”

“எடுத்துடறேன். வெளிய மட்டும் தெரிய வேணாம், சங்கத்துல...”

“நாங்க மூச்சு விடமாட்டோம் தலைவரே,” என்றார் இருமியவர், தெருவுக்கே கேட்கும் குரலில். “அலமாரிய எங்க வைக்கட்டும்?”

“அவர் வாசல்ல,” என்றாள் தையல்காரி. “முதுகு தெருவப் பாக்கணும்.”

கண்டக்டர் குனிந்து ஒரு மூலையைப் பிடித்தார்.

“பாத்து,” என்றாள் அவள். “அசைக்கவே முடியாதுன்னீங்க.”