முதுகில் ஒரு தட்டு

கொதித்துக்கொண்டு வர வேண்டிய தம்பி அன்றைக்குச் சில்லென்று வந்து நின்றான்.

ஷாட் முடிந்து திரும்பும்போதெல்லாம் அந்த ராட்சச உடையின் முதுகில் கை வைத்தால் வெந்நீர் அண்டாவைத் தொட்ட மாதிரி இருக்கும். ஸ்பாஞ்சும் ரப்பரும் பசையும் சேர்த்து அவன் அக்காவே, யூனிட்டுக்கெல்லாம் டைலரக்கா, தைத்த உடை அது. உள்ளே காற்றுப் போக வழியே கிடையாது என்பது அவளைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது. இன்று என்னவோ கிணற்றுச் சுவரைத் தொட்டது போலிருந்தது. புகை மெஷினின் ஈரம் படிந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

படத்தின் கதை ரொம்பச் சின்னது. பட்டாளத்துச் சிப்பாய்கள் சிலர் ஒரு பாழடைந்த கட்டடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு மிருகம் பதுங்கிப் பதுங்கி ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு போகிறது. சிப்பாய்கள் எல்லோரும் ஜிம்முக்குப் போகிற பையன்கள். துப்பாக்கிகள் மரக்கட்டை. முன்வரிசையில் நிற்பவர்களுக்கு மட்டும் பூட்ஸ் கிடைத்தது; கேமரா முழங்காலுக்குக் கீழே இறங்காது என்ற நம்பிக்கையில் பின்வரிசை செருப்போடு நாட்டைக் காத்தது. என்றைக்கோ மூடிப்போன நூல் மில் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்து, வெளியே உச்சி வெயில் கொளுத்தும்போதே உள்ளே நடு ராத்திரியை உண்டாக்கி வைத்திருந்தார் டைரக்டர்.

தம்பிதான் மிருகம். அலங்காரம் முடிந்து அவன் வரும்வரை மொத்த யூனிட்டும் வழி பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்ததால் எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். உடைக்குள் போய்விட்டால் மாப்பிள்ளைக்குக் கண்ணும் சரியாகத் தெரியாது, காதும் கேட்காது. அதனால் அக்காவும் தம்பியும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இருட்டில் மெஷின்களுக்குப் பின்னால் அவள் அவனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போக வேண்டிய பக்கம் தோளைத் திருப்பி, முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டினால் போக வேண்டும். ஷாட் முடிந்ததும் நேராக அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முடியவில்லை என்றால் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

போன வாரம் ஒருநாள் உள்ளேயே மயங்கி விழுந்துவிட்டான். ஜிப் உடையின் முதுகில் வரிசையாகத் தைத்த முட்களுக்கு அடியில் இருக்கிறது, வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அவள் ஓடிப்போய்ப் பிரித்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. "நான் பாத்துக்கறேம்மா" என்று அம்மாவிடம் சொல்லித்தான் அவனை இந்த வேலைக்குக் கூட்டி வந்திருந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிறகு தலையைக் கழற்றாமல் விடுவதில்லை.

"அக்கா, மாப்பிள்ளை ரெடியா?" தூரத்து வெளிச்சத்திலிருந்து டைரக்டர் கத்தினார்.

"தலையைக் கழட்டி கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் சார்."

"கழட்டினா திரும்ப மாட்ட எவ்வளவு நேரமாகும்னு உங்களுக்கே தெரியும். அதுக்குள்ள புகை அடங்கிடும். ஒரே ஒரு ஷாட்க்கா, ப்ளீஸ்."

அவள் உடையின் காது இருக்கும் பக்கமாக வாயை வைத்தாள். "முடியுமாடா? முடியலன்னா உக்காரு. நான் பேசிக்கறேன்."

உட்காரவில்லை. அவள் கையைத் தேடிப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தியது. சரி, பிள்ளை தெம்பாகத்தான் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலில் ஸ்ட்ராவைப் போட்டு முகமூடியின் வாய்க்குள் நுழைத்தாள். ஒரே இழுப்பில் பாட்டில் நசுங்கி ஒட்டிக்கொண்டது. ஸ்ட்ரா திரும்பி வரவில்லை.

"மெதுவாடா, யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க."

டைரக்டர் ஆக்ஷன் சொன்னார். அவள் தோளைத் திருப்பி, முதுகில் தட்டினாள்.

நடை புதிதாக இருந்தது. ஸ்பாஞ்சுப் பாதங்கள் தரையில் பொத்துப் பொத்தென்று விழும் சத்தத்துக்கு அவள் காது பழகியிருந்தது. பழைய எண்ணெயும் பஞ்சுத் தூசியும் படிந்த அந்தத் தரையில், துருப்பிடித்த மெஷின் வரிசைகளுக்கு நடுவே, முழங்காலை மடக்காமல் பக்கவாட்டில் வழுக்குவது போல இப்போது போன உருவத்திடமிருந்து ஒரு சத்தமும் எழவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற ஒல்லிச் சிப்பாயைப் பின்னாலிருந்து பிடித்தது. ஒல்லி அலறினான். அலறல் பிரமாதம் என்று கேமராமேன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். சத்தமெல்லாம் பிறகு டப்பிங்கில்தான் என்பதால் செட்டில் யார் எதைச் சொல்லிக் கத்தினாலும் யாரும் காதில் வாங்குவதில்லை. "விடு, விடுடா, டேய், இது..." என்று ஒல்லி ஏதோ சொல்லிக்கொண்டே போனான். மூலையில் மெத்தை போட்டிருந்த இருட்டுக்குள் இரண்டு பேரும் மறைந்தார்கள்.

"கட்! இதைத்தான்டா இத்தனை நாளா கேட்டுட்டிருந்தேன்!"

கைதட்டல் ஓய்வதற்குள் அது அவளிடம் திரும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டது. கை இப்போது ஈரமாக இருந்தது. படத்துக்காகக் கலக்கி வைத்திருக்கும் ரத்தம் சர்க்கரைப் பாகு. தித்திப்பாக வாடை வரும், எறும்பு மொய்க்கும். இந்த ஈரத்தில் தித்திப்பு இல்லை. துருவேறிய இரும்பை நக்கின மாதிரி ஒரு வாடை.

"ஒல்லி எங்கடா?" என்று அங்கே யாரோ கேட்டார்கள்.

"டீ குடிக்கப் போயிருப்பான். விடு."

போதும், கழற்றிவிடலாம் என்று அவள் முட்களுக்கு அடியில் விரலை விட்டாள். அந்த நேரம் பார்த்து வெளியே ஜெனரேட்டர் இருமி நின்றது. விளக்குகள் அணைந்தன. "டீசல் ஊத்தணும், எல்லாரும் நின்ன எடத்துலயே நில்லுங்க" என்று ஒரு குரல். காலையிலிருந்து காதை அடைத்துக்கொண்டிருந்த இரைச்சல் போய், மில்லின் உள்ளே சுத்தமான மௌனம் வந்தது.

அந்த மௌனத்தில் மூலையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசுவது போல.

"க்கா... ஜிப்... க்கா..."

அவள் விரல் முட்களுக்கு அடியிலேயே நின்றது. அவள் தைத்த முட்கள் ஸ்பாஞ்சு. அழுத்தினால் மடங்கும். இவை மடங்கவில்லை. வேர்களில் ஈரம். விரலை மேலே நகர்த்தினாள். கீழே நகர்த்தினாள். தையல் இல்லை. ஜிப் இல்லை. தோல்தான் இருந்தது. தோலுக்கு அடியில் மெல்ல ஏறி இறங்கும் மூச்சு.

மூலையில் முந்தின ஷாட்டில் விழுந்த தம்பி கிடக்கிறான். இவ்வளவு நேரமும் கிடந்திருக்கிறான்.

கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் கையைப் பிடித்திருந்த பிடி இறுகவில்லை, தளரவும் இல்லை.

"க்கா..."

அதற்கும் கேட்டது. இருட்டில் அதன் தலை மூலைப் பக்கம் திரும்புவதை அவள் பிடித்திருந்த கை வழியாகவே உணர்ந்தாள். ஒரு அடி எடுத்து வைத்தது.

ஜெனரேட்டர் உறுமியது. தூரத்தில் மஞ்சள் வெளிச்சம் வந்தது. அடுத்த ஷாட்டுக்காகச் சிப்பாய்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒருவன் பேன்ட்டை இழுத்து விட்டுக்கொண்டான்.

"அக்கா! மாப்பிள்ளை ரெடியா?"

அவள் யோசித்தாள் என்று சொன்னால் அது பொய். அங்கே நின்றவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். அத்தனை பேருக்கும் அளவெடுத்துத் தைத்தவள் அவள். ஒவ்வொருவன் கழுத்தும் தோளும் அவள் விரலுக்குத் தெரியும். தெரிந்துதான் அதன் தோளைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

போய்விட்டது.

ஓடினாள். மெஷினில் இடுப்பு இடித்தது. காலில் ஒரு செருப்புத் தட்டுப்பட்டது. ஒல்லியின் செருப்பு. குனியவில்லை. மெத்தையில் தம்பி குப்புறக் கிடந்தான். ஸ்பாஞ்சு முட்கள். மடங்குகிற முட்கள். ஜிப் துணியில் மாட்டிக்கொண்டது. பல்லால் கடித்து இழுத்தாள். பிரிந்தது. உள்ளிருந்து அனல் அவள் முகத்தில் அடித்தது. தலையை உருவி எறிந்துவிட்டு அவன் கன்னத்தில் அறைந்தாள்.

பின்னால் அலறல்கள்.

"சூப்பர்! அப்படியே கன்டினியூ பண்ணுங்க! சூப்பர்!"

தம்பி மூச்சை இழுத்தான். இருமினான். இன்னொரு மூச்சு. அவள் அவன் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிறான். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த நிமிஷத்தில் அவள் சந்தோஷப்பட்டாள், அதை மறைக்க முடியாது.

"கட்," என்றார் டைரக்டர்.

பிறகு, "கட்! கட்! கட்..."

ஏதோ கனமாகச் சரிந்து உடைந்தது. வெளிச்சம் சாய்ந்து கூரைப் பக்கம் போயிற்று. யாரோ கதவை நோக்கி ஓடினார்கள். செருப்புச் சத்தம். பாதியில் நின்றது. அதற்கப்புறம் ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"க்கா, என்னாச்சு? ஏன் யாரும் பேசல?"

அவள் அவன் வாயைப் பொத்தினாள். "கால உருவு. சத்தம் போடாம. எந்திரிச்சு வா."

"கால் மரத்துப்போச்சுக்கா."

இடுப்புக்குக் கீழே இன்னும் உடைக்குள்தான் இருந்தான். அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். கனத்தது. இன்னொரு இழுப்பு. ரப்பர் பாதம் மெத்தையின் கிழிசலில் சிக்கிக்கொண்டது.

தம்பி அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

இரும்பு வாடை வந்தது.

அவள் திரும்பவில்லை. அவன் அக்குளிலிருந்து நழுவித் தொங்கிய அவள் வலது கையை ஒரு குளிர்ந்த கை வந்து பிடித்துக்கொண்டது. முழங்கை வரை ஈரம். கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அவசரமே இல்லை. மில்லுக்குள் இனிமேல் அவளையும் அவனையும் தவிர யாரும் இல்லை.

பிறகு அது அவளுக்கு முன்னால் வந்தது. அவளுக்கு முதுகைக் காட்டி, மெத்தையில் கிடந்தவனைப் பார்த்து நின்றது. அவள் கையை விடாமல் பின்னுக்கு இழுத்து, உள்ளங்கையைத் தன் முதுகில் வைத்துக்கொண்டது.

காத்திருந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. அழுத்தவுமில்லை. மூச்சு விடவில்லை. விரல் நுனியைக்கூட அசைக்காமல் அப்படியே வைத்திருந்தாள். தம்பி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கை நடுங்க ஆரம்பித்தது.