பூட்டிய ரேக்குக்குப் போட்ட சராசரி

வேடசந்தூரிலிருந்து எரியோடு போகும் சாலையில், பஸ் நின்றும் நிற்காமலும் ஆளைத் தள்ளிவிட்டுப் போகும் ஒரு நிறுத்தம் இருக்கிறது. அங்கே இறங்கிக் கருவேலங்காட்டைத் தாண்டினால் அந்தக் கட்டடம். ஒரு காலத்தில் நூல்மில், இப்போது டேட்டா சென்டர். பஞ்சு பறந்த கூடத்தில் சர்வர்கள் இரைகின்றன. வெளியே வெயில் தாரை உருக்கும். உள்ளே போனால் ஏசிக் குளிரில் என் பல்செட்டு தானாகப் பேச ஆரம்பித்துவிடும். கழற்றி மேசையில் வைத்தால் அங்கேயும் கிடந்து நடுங்கும். பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் குளிர்தான்.

நான் மலைச்சாமி. வீடு வீடாக மீட்டர் பார்த்தே மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவன். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் என்னைக் கடிக்காத நாய் கிடையாது. ஒரு வீட்டு மீட்டர் சுற்றுவதைப் பார்த்தே, உள்ளே மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்கிறார்களா இல்லையா என்று சொல்லிவிடுவேன். ஓய்வுக்குப் பிறகு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவனை இங்கே இழுத்து வந்தவன், இங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஃபயாஸ்.

“மாமா, நாய் கடிக்காத மீட்டர் வேலை. வாரீங்களா?” என்று கேட்டான். அடுத்த நாளே வந்துவிட்டேன்.

வேலை இதுதான். ரேக் என்பது சர்வர்களை அடுக்கிவைக்கும் இரும்பு பீரோ. ஒவ்வொரு ரேக்கும் மாதம் எவ்வளவு கரண்டு தின்றது என்று ரிப்போர்ட் எடுக்கவேண்டும். கணக்கெல்லாம் தானாகவே கம்ப்யூட்டருக்கு வந்து விழும். கம்ப்யூட்டரோடு பேசாத மீட்டர் ஒன்று உண்டு. அது ஃபயாஸ் சோதனைக்கு வைத்திருந்த ரேக்கில், கடைசி வரிசையில் இருந்தது. அவன் திறந்துவிட, அதைமட்டும் நான் நடந்து போய்ப் பார்த்து எழுதுவேன். யாரும் கைவைக்கக் கூடாதென்று அந்த ரேக்குக்கு நம்ம திண்டுக்கல் பூட்டு ஒன்றைப் போட்டு, சாவியைப் பைக் சாவியோடு கோர்த்து வைத்திருப்பான்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் புறப்பட்டான். நாலுவழிச் சாலையில் லாரி. பைக்கையே தகரமாகத்தான் அள்ளினார்கள். சாவிக்கொத்தைத் தேட யாருக்கு மனம் வரும்?

அவன் மனைவி பர்ஹானா, புருஷன் போனபின் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவை இருந்து முடித்தபின், முதலாளி அவன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். காந்திகிராமத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். வந்த முதல் நாள், நாற்காலியின் உயரத்தைக் குறைக்காமல் அப்படியே உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை.

“கீழ இருக்க பிடியை அமுக்குத்தா, இறங்கும்” என்றேன்.

“இருக்கட்டும் மாமா. அவுக வச்ச உயரம்.”

அதுவரை ரிப்போர்ட்டில் அவன் ரேக்கின் கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தேன். அந்த மாதம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மின்வாரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. மீட்டர் பார்க்கப் போகும்போது வீடு பூட்டிக் கிடந்தால், ‘டோர் லாக்’ என்று குறித்துக்கொண்டு, முந்தைய கணக்குகளின் சராசரியைப் போட்டுவிடுவோம். ஆள் எங்கேயோ போயிருக்கிறார், திரும்பி வருவார் என்று அதற்கு அர்த்தம். ஃபயாஸ் ரேக்கின் முன்னால் போய் நின்றேன். பூட்டு தொங்கியது, மீட்டர் உள்ளே. ஆயுசு முழுக்கப் பழகிய கை. டோர் லாக். சராசரி.

அந்த ரேக்கின் கரண்டு கேபிளை எங்கள் மேனேஜர் ரிஃபாத் என்றைக்கோ பின்னாலிருந்து பிடுங்கிவிட்டார். அது எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் ரிப்போர்ட் எடுக்க உட்கார்ந்தபோது, பேசாத அந்த மீட்டர் பேசியது.

நான் போட்ட அதே சராசரியை, கூடவுமில்லாமல் குறையவுமில்லாமல் அனுப்பியிருந்தது.

“மாமா, இங்க வாங்க.” பர்ஹானாவின் குரல் இறங்கியிருந்தது. திரையில் அந்த ரேக் இழுத்த கரண்டு, மலையும் பள்ளமுமாக ஒரு கோடாக ஓடியது. “காலைல ஏறுது பாத்தீங்களா? அவுக வந்து உக்கார்ற நேரம். மதியம் கொஞ்சம் இறங்குது. சாப்பாட்டு நேரம்.”

“எல்லா ரேக்கும் அப்புடித்தான் ஏறி இறங்கும் தாயி.”

அவள் வெள்ளிக்கிழமைகளை மட்டும் பிரித்துக் காட்டினாள். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ நேரத்தில் கோடு அடியோடு கீழே போய்ப் படுத்திருந்தது. தொழுகை முடியும் நேரத்தில் எழுந்தது.

நாங்கள் கடைசி வரிசைக்கு நடந்தோம். நல்ல மதிய வேளை. டியூப்லைட்டுகள் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தன. பின்னால் கேபிள், செத்த பாம்பு மாதிரி தரையில் கிடந்தது.

உள்ளே ஃபேன் ஓடியது.

பூட்டிய கதவின் துளைகள் வழியே வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. அதில் நனைந்த மழைக்கோட்டின் ரப்பர் வாசனை.

என் பல்செட்டு அன்றைக்குப் பேசவில்லை. வாயைத் திறந்தால்தானே.

பர்ஹானா கைக்குட்டையை எடுத்து அந்த ரேக்கை, ஆள் நெற்றியைத் துடைப்பதுபோலத் துடைத்தாள். துணி ஈரமானது.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். குளிரில் சோறு கல்லாகிவிடும். ரேக்கின் வெப்பத்தில் கிண்ணத்தைக் காட்டிச் சூடுபண்ணிச் சாப்பிடுவாள். ரிஃபாத் என்னிடம் வந்து, “என்ன பெருசு, உங்க கணக்குல பிடுங்கின ரேக்கு கரண்டு இழுக்குது? வாடிக்கையாளர் பாத்தா சிரிக்கமாட்டாங்களா? சரிபண்ணுங்க” என்றார். நான் மீட்டர் கோளாறு, ஈரப்பதம், எலி, வெள்ளைக்காரன் காலத்து ஒயரிங் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடித்துவிட்டேன். எலியைப் பெருச்சாளி அளவுக்கு வளர்த்துச் சொன்னதில் அவர் கொஞ்சம் நம்பினார்.

ஒருநாள் பர்ஹானாவே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“மாமா, அவுக ரேக்குக்குச் சைபர் போட்டுருங்க.”

“என்னத்தா சொல்ற? நீதான அங்கனயே கிடையா கிடந்த?”

“இங்கதான மாமா வாராக? வீட்டுக்கு வரலையே. இத்தா முழுக்க ஒத்தை ரூமுல உக்காந்து காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு சின்னச் சத்தம் வரல.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “நீங்க சராசரி போட்டீங்க. வேலை இன்னும் இருக்குன்னு நெனச்சு வாராக. வேலை இல்லேன்னு தெரிஞ்சா வீட்டுக்குத்தான வரணும்?”

“தாயி, அப்புடியே போயிட்டான்னா?”

“வீட்டுக்கு வரணும்னுதான மாமா அன்னைக்கும் கெளம்புனாக.”

அவளே என் கம்ப்யூட்டரில் குனிந்து, சராசரி இருந்த கட்டத்தில் சைபரைத் தட்டி, ரிப்போர்ட்டை முடித்தாள்.

கடைசி வரிசையில் ஃபேன் இறங்கும் சத்தம் கேட்டது. மெதுவாக, மூச்சு இறங்குவதுபோல.

அப்புறம் இல்லை.

அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

திண்டுக்கல் பேகம்பூரில் அவர்கள் குடியிருந்தது மாடி வீடு. அன்றிலிருந்து அவள் கதவைச் சாத்தவில்லை. வாரம் போனது, மாதம் போனது. தினமும் காலையில் வேலைக்கு வருவாள். நான் முகத்தைப் பார்ப்பேன், அவள் வரவில்லை என்று தலையை ஆட்டுவாள். ஒருநாள் அந்தத் தலையாட்டலும் நின்றது. வேலையை விட்டாள். நத்தத்திலிருந்து அவள் அம்மா வந்து, வீட்டைப் பூட்டி அழைத்துப் போனார்கள். மறுவருஷம் பங்குனியில், அந்த ஊரிலேயே தாரமிழந்த ஒருவருக்கு நிக்காஹ் செய்து கொடுத்தார்கள். நான் போய்ப் பிரியாணி சாப்பிட்டேன். திண்டுக்கல் ஜில்லாவிலேயே எனக்கு ருசிக்காத பிரியாணி அது ஒன்றுதான்.

சித்திரையில் பேகம்பூர் வீட்டுக்கார அம்மா ஜெய்தூன் பீவி போன் செய்தார். “நீங்க கரண்டு ஆபீஸ்காரர்தான? செத்த வந்து பாருங்க. மாடி வீட்டுல ஃபியூசைப் புடுங்கி என் பீரோவுல வச்சிருக்கேன். மோட்டாரு ஓடுது.”

பகல் பதினொரு மணி வெயிலில் போனேன். ஊரே ஒரு குடம் தண்ணீருக்கு அல்லாடிக்கொண்டிருந்தது. அங்கே மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, சுவர் வழியே வழிந்து, தெருவில் ஆறாக ஓடியது. ஆறு என்பதைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் காகிதக்கப்பல் விட்டார்கள்.

“அந்தப் புள்ள வீட்டுக்கு வந்ததும் வராததுமா மோட்டாரைத்தான் போடும். பொண்டாட்டி குடம் தூக்கக் கூடாதுன்னு” என்றார் ஜெய்தூன் பீவி. மேலே ஏறிவர மறுத்துவிட்டார்.

வேடசந்தூரிலிருந்து பேகம்பூருக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம்; அவனுக்கு மாதக்கணக்கு ஆகியிருக்கிறது. அவன் எந்த வழியாக வந்தானோ. நடந்தே வந்திருக்கவேண்டும்.

பூட்டிய கதவின் முன்னால் நின்றேன்.

“அப்பு, ஃபயாஸ்” என்றேன்.

மோட்டார் நின்றது.

உள்ளே ஈரக்கால்கள் நடந்து வந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றன. நெற்றியைக் கதவில் சாய்க்கும் சத்தம்.

“மாமா.” களைத்துப்போன குரல். “பர்ஹானா எங்க?”

இல்லாததை எல்லாம் இட்டுக்கட்டுகிற வாய் இது. ஒரு பொய்கூட வரவில்லை. நத்தம் என்ற ஊர்ப்பெயர் மட்டும் நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்து விழுங்கினேன். அங்கே அவள் இப்போதுதான் நாற்காலியில் கால் எட்ட உட்காரப் பழகியிருக்கிறாள்.

படியிறங்கிவிட்டேன். பின்னால் திரும்பவில்லை.

மறுநாளிலிருந்து பேகம்பூர் வீட்டில் சத்தமில்லை என்று ஜெய்தூன் பீவி சந்தோஷமாகச் சொன்னார்.

இங்கே, எங்கள் வீட்டில், நானும் என் வீட்டுக்காரியும் மதியம் சாப்பிட உட்காரும்போது மோட்டார் தானாக ஓடுகிறது. அவள் நான் போட்டேன் என்று திட்டுகிறாள். நான் ஆமாம் என்கிறேன்.

தொட்டி நிரம்பியதும் நிற்கிறது. பிறகு, வாசல்படியில் யாரோ உட்கார்ந்து, நான் விழுங்கிய ஊர்ப்பெயருக்காகக் காத்திருக்கிறார்கள்.